சரியாகிவிட்டது என்று எழுதியிருந்தாய்

3 பிப்ரவரி

அன்பு மகளுக்கு,

அப்பாவின் ஆசிகள். இடது முழங்கால் நீங்கலாக நான் இங்கு நலம். நீங்கள் நால்வரும் நலமா என்று கேட்டு அதோடு நிறுத்திக்கொள்வது என் வழக்கம். இம்முறை அப்படி நிறுத்த மனம் வரவில்லை.

உன் கடிதம் ஜனவரி 19 என்று தேதியிட்டிருக்கிறது. அஞ்சல் முத்திரையோ 27 என்கிறது. இடைப்பட்ட நாட்களில் அது எங்கே இருந்தது? உன் கைப்பையிலா? எழுதி முடித்த கடிதத்தை அனுப்பலாமா வேண்டாமா என்று ஒருவர் யோசிப்பதற்குக் காரணம் இருக்க வேண்டும்.

கடிதம் இரண்டு பக்கம். ஒன்பது வயதில் நம் மிளகு பெரிய பெண்ணைப் போல வாயாடுவது அரைப் பக்கம். அவள் தம்பி உருண்டை பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் போன முதல் நாள் அழுதது ஒரு பக்கம். மாப்பிள்ளையைப் பற்றி ஒரே ஒரு வரி: ‘அவருக்குச் சரியாகிவிட்டது.’

அவர் டிப்போவில் பேருந்து கழுவுமிடத்தில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டது அக்டோபர் 14. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியது டிசம்பர் 6. இரண்டும் நீ எழுதிய தேதிகளே. சரியாகிவிட்ட ஓட்டுநர் ஏன் இன்னும் வண்டியில் ஏறவில்லை? ஏறியிருந்தால் அதை நீ ஒரு பக்கத்துக்கு எழுதியிருப்பாய். உன்னை எனக்குத் தெரியும்.

எடையளவு ஆய்வாளராகக் கடை கடையாக ஏறி இறங்கி ஓய்வு பெற்றவன் நான். கேட்பதற்கு முன்பே “எல்லாம் சரியா இருக்கு சார்” என்று சொல்லும் கடைக்காரரின் தராசைத்தான் முதலில் இறக்கச் சொல்வேன்.

தொலைபேசியில் பேசிக்கொள்ளலாம் என்று எழுதாதே. என் காது மந்தம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். தொலைபேசியில் சொன்ன சொல்லுக்குத் தேதி கிடையாது.

விவரமான பதிலை எதிர்பார்க்கும்,
அப்பா

-

16 பிப்ரவரி

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நாங்கள் எல்லோரும் சௌக்கியம். முழங்காலுக்குத் தைலம் தடவுகிறீர்களா, இல்லை பாட்டில் அலமாரியில் அழகாக நிற்கிறதா?

நீங்கள் நினைப்பதுபோல் ஒன்றுமில்லை. தபால்பெட்டி பக்கம் போக நேரம் அமையவில்லை, அவ்வளவுதான். பனியன் கம்பெனியில் எனக்கு இப்போது வேலை கொஞ்சம் கூடுதல். அவருக்கு இன்னும் சில நாள் ஓய்வு வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நன்றாகச் சாப்பிடுகிறார், நடக்கிறார். போன வாரம் டிப்போ நண்பர் வந்திருந்தார். இருவரும் ஒரே சிரிப்பு. முடியும் வளர்ந்துவிட்டது. பார்த்தால் அடிபட்டவர் என்றே சொல்ல மாட்டீர்கள்.

உருண்டை இப்போதெல்லாம் அழாமல் பள்ளிக்கூடம் போகிறான். டீச்சரை “அக்கா” என்று கூப்பிட்டு வகுப்பையே சிரிக்க வைத்தானாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்

-

20 பிப்ரவரி

தாத்தாவுக்கு மிளகு எழுதுவது.

நான் நல்லா இருக்கேன். உருண்டைக்கு மூக்கு ஒழுகுது. உங்க முட்டி எப்படி இருக்கு? இந்த லெட்டர் அம்மாவுக்குத் தெரியாது. ஸ்டாம்ப் என் ஃப்ரெண்டோட அக்கா குடுத்தாங்க.

தாத்தா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நீங்கதான் ஏமாத்தறவங்களைக் கண்டுபிடிச்சவராச்சே. அப்பா நடிக்கிறாரா?

அம்மா எங்களை உக்கார வச்சு, “அப்பாவுக்குச் சரியாயிடுச்சு, இனிமே எல்லாம் பழைய மாதிரிதான்”னு சொன்னாங்க. தலையில கட்டு இல்ல, மருந்து நாத்தம் இல்ல. சரியான ஆளு எதுக்கு இப்படிப் பண்றாரு? உருண்டை கட்டில்லேருந்து விழுந்து அழுதான். அப்பா சிரிச்சாரு. நான் தட்டைக் கொஞ்சம் சத்தமா வச்சேன். ஸ்பூனைத் தூக்கி அடிச்சாரு, செவுத்துல பட்டுச்சு. நான் பரிசு வாங்கினதைச் சொன்னேன். “அப்படியா கண்ணு!”ன்னாரு. கொஞ்ச நேரம் கழிச்சு, “ஸ்கூல்ல என்ன விசேஷம்?”னு கேட்டாரு. நான் மறுபடி சொல்லல.

ஆனா டிப்போ மாமா வந்தப்ப மட்டும் பழைய அப்பா மாதிரியே ஜோக்கு சொன்னாரு. மாமா போனதும் ரூமுக்குள்ள போயி ஜன்னலைச் சாத்திக்கிட்டு, “யாரும் உள்ள வராதீங்க”ன்னு கத்தினாரு. அப்ப அவரால முடியுது, எங்ககிட்ட மட்டும் பண்ண மாட்டேங்கறாருன்னு அர்த்தம்தானே?

அவருக்கு எங்களைப் பிடிக்கலையா? உண்மையைச் சொல்லுங்க.

மிளகு

-

1 மார்ச்

அன்புப் பேத்தி மிளகுக்கு,

தாத்தாவின் ஆசிகள். 20ஆம் தேதியிட்ட உன் கடிதம் 26ஆம் தேதி கிடைத்தது. முழங்காலைப் பற்றி விசாரித்ததற்கு நன்றி. அது அப்படியேதான் இருக்கிறது.

உன் கேள்வி நியாயமானது. ஒரு கடைக்காரர் ஆய்வாளரைக் கண்டதும் நல்ல எடைக்கல்லை எடுத்து முன்னால் வைப்பார். ஆய்வாளர் படியிறங்கியதும் குறைந்த கல் வெளியே வரும். நண்பர் முன்னால் ஒரு நடத்தை, பிள்ளைகள் முன்னால் வேறொரு நடத்தை என்று நீ எழுதியதைப் படித்தபோது எனக்கு அந்த நினைவுதான் வந்தது.

ஆனால் சந்தேகம் வேறு, முடிவு வேறு. முடிவுக்கு வரச் சோதனை வேண்டும். சோதிக்கப்படுகிறோம் என்று சோதிக்கப்படுபவருக்குத் தெரியக்கூடாது. அப்பாவால் கட்டாயம் செய்ய முடியும் என்று உனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரு வேலையை, முன்கூட்டிச் சொல்லாமல், யாரும் உடனில்லாத வேளையில் அவரிடம் ஒப்படை. செய்தாரா இல்லையா என்பதைப் பார்த்து எனக்கு எழுது. உன் அம்மாவுக்கு இருக்கும் வேலைப்பளுவில் இதைச் சொல்லி அவளைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

பிடிக்கவில்லையா என்ற கேள்விக்கு அதன் பிறகு பதில் சொல்கிறேன்.

அன்புடன்,
தாத்தா

-

2 மார்ச்

அன்பு மகளுக்கு,

ஆசிகள். நான் நலம்.

‘வேலை கொஞ்சம் கூடுதல்’ என்று எழுதியிருக்கிறாய். யாருடைய வருமானம் நின்றதால் யாருடைய வேலை கூடியது என்று நீ எழுதவில்லை. ‘சில நாள் ஓய்வு’ என்கிறாய். சில நாளுக்கு முடிவுத் தேதி உண்டா என்று சொல்லவில்லை. நன்றாகச் சாப்பிட்டு, நடந்து, நண்பரோடு சிரிக்கும் ஒருவர் வீட்டில் இருந்துகொண்டு மனைவியை இரண்டு ஆள் வேலை பார்க்க வைக்கிறார். இதற்கு இரண்டே விளக்கங்கள்தான் எனக்குத் தோன்றுகின்றன. ஒன்று சோம்பல். மற்றொன்றைத் தகப்பன் எழுதக் கூடாது. ஆனாலும் எழுதுகிறேன்: பாட்டில்.

எதுவானாலும் பிள்ளைகள் அதைப் பார்த்து வளர வேண்டியதில்லை. ஏப்ரல் 10, வெள்ளிக்கிழமை, காலை வண்டியில் வருகிறேன். மிளகையும் உருண்டையையும் இங்கு அழைத்து வந்துவிடுகிறேன். விடுமுறைக்கு மட்டும் அல்ல. இங்குள்ள பள்ளியில் விசாரித்துவிட்டேன், இடம் இருக்கிறது.

மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுது.

அப்பா

-

13 மார்ச்

தாத்தாவுக்கு மிளகு எழுதுவது.

எனக்கு உடம்பு நல்லா இருக்கு. மத்தது எதுவும் நல்லா இல்ல.

நீங்க சொன்ன சோதனையைச் செஞ்சேன். நேத்து எனக்கு அரை நாள் லீவு. உருண்டையை எப்பவும் பக்கத்து வீட்டு அத்தைதான் கூட்டிட்டு வருவாங்க. நான் அவங்ககிட்ட போயி, “இன்னிக்கு அப்பா போறாரு”ன்னு சொல்லிட்டேன். அப்பாகிட்ட, “உருண்டையை நீங்கதான் கூட்டிட்டு வரணும், அம்மா சொன்னாங்க”ன்னேன். பள்ளிக்கூடம் ரெண்டு தெரு தள்ளித்தான். ஊரு முழுக்க பஸ் ஓட்டினவருக்கு அது தெரியாமலா போகும்?

அப்பா குஷியா எழுந்து சட்டை மாட்டினாரு. “ரைட்டு, போலாம்!”னு கண்டக்டர் மாதிரி விசில் கூட அடிச்சாரு. ரொம்ப நாளைக்கு அப்புறம் யாரோ அவருக்கு வேலை குடுத்த மாதிரி இருந்துச்சு. நான் பின்னாடியே போனேன். முதல் தெரு சரியா போனாரு. மெயின் ரோட்டுல ஒரு லாரி ஹாரன் அடிச்சுது. ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு நின்னாரு. அப்புறம் இந்தப் பக்கம் பார்த்தாரு, அந்தப் பக்கம் பார்த்தாரு. அவர் ஓட்டின ரூட் பஸ் வந்து நின்னுச்சு. ஏறிட்டாரு.

நான் “அப்பா”ன்னு கத்தினேன். பஸ் போயிடுச்சு.

உருண்டை ஸ்கூல் கேட்டுல தனியா நின்னு அழுதிருக்கான். டீச்சர் அம்மாவுக்கு போன் பண்ணி, அம்மா கம்பெனியிலேருந்து ஓடி வந்தாங்க. அப்பாவை டிப்போ மாமா ஆட்டோவுல கூட்டிட்டு வந்தாரு. கடைசி ஸ்டாப்புல எல்லாரும் இறங்கினப்புறமும் டிரைவர்கிட்ட, “சாவியைக் குடுப்பா, லேட்டாச்சு”ன்னு கேட்டுக்கிட்டே நின்னாராம்.

வீட்டுக்கு வந்ததும் உருண்டை ஓடிப்போய் அவர் மடியில உக்காந்துக்கிட்டான். அப்பா அவனைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அம்மாவைப் பார்த்து, “புள்ளைய எங்கயோ விட்டுட்டேன்டி, புள்ளைய எங்கயோ விட்டுட்டேன்”னு அழுதாரு. புள்ள மடியிலதான் இருக்கான் தாத்தா.

நடிக்கறவங்க அப்படி அழ மாட்டாங்க.

அம்மா கேட்டப்ப நான்தான் அனுப்பினேன்னு சொன்னேன். நீங்க சொன்னீங்கன்னு சொல்லல. சொல்லவா?

மிளகு

-

19 மார்ச்

அப்பாவுக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. மன்னிக்கவும்.

மிளகு மூன்று நாள் சாப்பிடாமல் சுருண்டு கிடந்தாள். நான்காம் நாள் எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்பது வயதுப் பிள்ளையை, அவளைப் பெற்ற தகப்பனுக்கு எதிராகவே வேவு பார்க்க அனுப்பியிருக்கிறீர்கள்.

நீங்கள் காரணம் கேட்டீர்கள். எழுதுகிறேன். அவர் குடிக்கவில்லை. மூளைக்குள் அடிபட்டிருக்கிறது. நவம்பரிலேயே டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். கோபத்தைப் பிடித்து நிறுத்துகிற இடம், இப்போது நடந்ததை நினைவில் வைக்கிற இடம், எது சிரிப்பு எது அழுகை என்று பிரிக்கிற இடம், எல்லாம் அடி வாங்கியிருக்கின்றன. சத்தம் அவருக்கு வலிக்கிறது. நண்பர் வந்தால் தன் பலத்தையெல்லாம் திரட்டிச் சாதாரண மனிதராக உட்கார்ந்திருக்கிறார். அவர் போன பிறகு மிச்சம் எதுவும் இருப்பதில்லை. அந்த மிச்சமில்லாத மனிதர்தான் பிள்ளைகளுக்குக் கிடைக்கிறார். கொஞ்சம் தேறுவார், பழைய ஆளாக மாட்டார், இனி வண்டி ஓட்ட முடியாது என்றார் டாக்டர்.

இதை ஏன் உங்களிடம் சொல்லவில்லை? நீங்கள் கேள்வி கேட்பீர்கள். பதில் எழுத எழுத அது உண்மையாகிவிடும் என்று பயந்தேன். பிள்ளைகளிடமும் அதனால்தான் சரியாகிவிட்டது என்று சொன்னேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று இப்போது தெரிகிறது. சரியான மனிதர் ஸ்பூனைத் தூக்கி எறிந்தால் வேண்டுமென்றே எறிகிறார் என்றுதானே பிள்ளை நினைக்கும்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எனக்கே சில நாள் உங்கள் சந்தேகம் வந்திருக்கிறது. “நெஜமாவே மறந்துட்டீங்களா, இல்ல என்னைச் சோதிக்கிறீங்களா?” என்று அவர் முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறேன். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன்.

பத்தாம் தேதி வராதீர்கள். பிள்ளைகளை அனுப்ப மாட்டேன்.

மகள்

-

26 மார்ச்

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் 24ஆம் தேதி கிடைத்தது.

நான் செய்தது தவறு. அதற்கு நான் காரணம் எதுவும் எழுதப்போவதில்லை. குழந்தையை அனுப்பினேன், அதைவிட, உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று எழுதினேன். 10ஆம் தேதி வரமாட்டேன். பள்ளியில் இடம் வேண்டாம் என்று நேற்றே சொல்லிவிட்டேன்.

இத்துடன் மிளகுக்கு ஒரு தாள் வைத்திருக்கிறேன். உறையை ஒட்டவில்லை. படித்துப் பார்த்து, சரியென்று பட்டால் கொடு. இல்லாவிட்டால் கிழித்துவிடு.

அப்பா

‘மிளகு, என் வேலையில் இரண்டு வகைத் தராசுகளைப் பார்த்திருக்கிறேன். ஒன்று, ஏமாற்றுவதற்காகத் தட்டின் அடியில் ஈயம் ஒட்டிய தராசு. மற்றொன்று, கைதவறிக் கீழே விழுந்த தராசு. இரண்டும் தப்பாகத்தான் காட்டும். இரண்டையும் வெளியே பார்த்தால் பளபளவென்றுதான் இருக்கும். முதலாவதன்மேல் வழக்குப் போடுவோம். இரண்டாவதன்மேல் யாரும் வழக்குப் போடுவதில்லை. நான் இரண்டாவதை முதலாவது என்று நினைத்துவிட்டேன். உன்னையும் நினைக்க வைத்துவிட்டேன். உன் கேள்விக்குப் பதில்: அப்பாவுக்கு உங்களைப் பிடிக்கும். அன்று நடந்தது உன் குற்றமில்லை, என் குற்றம்.’

-

17 ஏப்ரல்

தாத்தாவுக்கு மிளகு எழுதுவது.

நான் நல்லா இருக்கேன். உங்க முட்டி எப்படி? இந்தத் தடவை அம்மாவுக்குத் தெரிஞ்சுதான் எழுதறேன். ஸ்டாம்ப் கூட அவங்கதான் குடுத்தாங்க. ஆனா உங்களுக்கு அவங்க இப்ப எழுத மாட்டாங்களாம். “கோவம் போனதும் பார்க்கலாம்”னாங்க. கொஞ்சம் போயிருக்கு, முழுசா போகல.

உங்க தாளைக் குடுத்தாங்க. தாத்தா, தப்பா நினைக்காதீங்க, தராசு மாதிரி இல்ல. தராசு ஒரே தப்பைத்தான் தினமும் பண்ணும், கழிச்சுக்கலாம். அப்பா ஒரு நாள் நல்லா இருக்காரு. மறுநாள் செருப்பு எந்தக் காலுக்குன்னு கேக்கறாரு. அதுவும் இல்லாம, விழுந்தது தனக்குத் தெரியும்னு தராசு அழாது.

அம்மா எங்க ரெண்டு பேரையும் அப்பா முன்னாடியே உக்கார வச்சு எல்லாத்தையும் சொன்னாங்க. “நான் சரியாயிடுச்சுன்னு சொன்னது பொய்”னாங்க. உருண்டை, “மூளை வெளிய வந்துருச்சா?”ன்னு கேட்டான். அப்பா அவனைத் தன் தலையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாரு. அப்புறம் அவரே சொன்னாரு. மெதுவாத்தான் சொன்னாரு, நடுவுல நிறுத்தி நிறுத்தி. “பஸ்ஸு அதே பஸ்ஸுதான்டா. டிரைவரும் நான்தான். உள்ள ரோட்டைத் தோண்டிப் போட்டுட்டாங்க.”

உருண்டை, “எப்ப ரோடு போடுவாங்க?”ன்னான்.

“சிலதைப் போடுவாங்க. சிலதைப் போட மாட்டாங்க. சுத்தித்தான் போகணும்.”

இப்ப அப்பா ஏதாவது வார்த்தை கிடைக்காம நின்னா உருண்டை, “சுத்திப் போ, சுத்திப் போ!”ன்னு கத்தறான். கத்தாதடான்னு நான் அவன் வாயைப் பொத்தறேன். நேத்து அப்பாவுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. முந்தாநாள் கோவம் வந்துச்சு, கதவை அறைஞ்சாரு. எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு. ஆனா எங்களைப் பிடிக்கலைன்னு தோணல.

மிளகு

-

29 ஏப்ரல்

மாமாவுக்கு,

வணக்கம். நலமா இருக்கீங்களா. நான் இருக்கேன்.

இதை மூணு நாளா எழுதறேன். கொஞ்சம் எழுதினா தலை நிறைஞ்சுடுது. தப்பு இருந்தா பொறுத்துக்கங்க.

புள்ளைங்களைக் கூட்டிட்டுப் போக வரேன்னு சொன்னீங்கன்னு கேள்விப்பட்டேன். அப்புறம் வரலைன்னும் சொன்னாங்க. எது முன்னாடி எது பின்னாடின்னு எனக்கு ஒழுங்கா நிக்கல. அதனால சேர்த்தே சொல்லிடறேன். கூட்டிட்டுப் போகாதீங்க மாமா. அவங்க சத்தம் என்னால தாங்க முடியல. அவங்க சத்தம் இல்லாமலும் முடியாது. நானே அந்த ரூம்ல, அந்த வெளிச்சம் வர்றது, ஜன்னல், அதைச் சாத்திக்குவேன். புள்ளைங்க வெளியில இருக்கட்டும். கதவுக்கு வெளியில. ஊருக்கு வெளியில வேண்டாம்.

நீங்க வந்து பார்த்துட்டுப் போங்க. உங்க பொண்ணுகிட்ட கேட்டேன். வரச் சொல்லுங்கன்னா.

ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு நான் உருண்டையைக் கூப்பிடப் போனது சோதனைன்னு மிளகு சொல்லிட்டா. நீங்க வச்சதாம். நான் பாஸா, ஃபெயிலா? யாரும் சொல்லல.

மாப்பிள்ளை

-

6 மே

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

வணக்கம். உங்கள் 29 ஏப்ரல் கடிதம் நேற்று கிடைத்தது. நான் நலம். நீங்கள் நலமாக இருக்கிறீர்களா என்று கேட்கிறேன். பதிலை எந்த நாளில் எழுதினாலும் அந்த நாளுக்கான பதிலாகவே அதை எடுத்துக்கொள்வேன்.

என் புத்தியை உங்களிடம் மறைப்பானேன்? உறையைப் பிரித்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தேகம்தான். என் மனத்தை இளக்க என் மகளே இதை எழுதி உங்கள் பெயரில் அனுப்பிவிட்டாளோ என்று நினைத்தேன். பெட்டியைத் துழாவி, உருண்டை பிறந்தபோது நீங்கள் எழுதிய கடிதத்தை எடுத்து, இரண்டையும் ஜன்னலோரம் வைத்து ஒப்பிட்டேன். பழைய எழுத்து நேர்கோட்டில் ஓடுகிறது. இது ஏறி இறங்குகிறது. ‘ழ’ வேறு, ‘ண’ வேறு, வரிகளுக்கு இடையே உள்ள இடம் வேறு. என் உத்தியோகப் பழக்கப்படி இரண்டும் ஒருவர் கையெழுத்தல்ல என்று எழுதித் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும்.

திரும்பப் படித்தேன். ‘கதவுக்கு வெளியில. ஊருக்கு வெளியில வேண்டாம்’ என்ற இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று. இதைப் பிள்ளைகளின் அப்பாவைத் தவிர வேறு யாரும் எழுத முடியாது. பழைய கடிதத்தை மடித்து உள்ளே வைத்துவிட்டேன். இனி அதை எடுத்து எதோடும் ஒப்பிடமாட்டேன்.

உங்கள் கேள்விக்குப் பதில் தர நான் கடமைப்பட்டவன். சோதிக்கப்படுபவரின் நிலையை அறியாமல், அதிகாரமில்லாத ஒருவர், ஒரு குழந்தையைக் கொண்டு நடத்திய சோதனை அது. அப்படிப்பட்ட சோதனை செல்லாது. செல்லாத சோதனையில் தேர்ச்சியும் இல்லை, தோல்வியும் இல்லை. இதைப் பிள்ளைகளிடமும் படித்துக் காட்டுங்கள், முக்கியமாக மிளகிடம்.

மே 22, வெள்ளிக்கிழமை, காலை வண்டியில் வருகிறேன். பெரிய பெட்டி எடுத்து வரவில்லை. இரண்டு வேட்டியும் தைலமும்தான். நீங்கள் நிலையத்துக்கு வந்து என்னை அழைத்துப்போக வேண்டும் என்று முதலில் எழுதினேன். அதுவும் ஒரு சோதனையாகிவிடுமே என்று தோன்றியதால் அந்த வரியை அடித்துவிட்டேன். நானே விசாரித்துக்கொண்டு வருவேன். நீங்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருக்கும் வேளையாக இருந்தால் வெளியில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பேன். சத்தம் போடாமல் உட்கார எனக்கு வரும்.

உங்கள் மாமா